புள்ளிக்கு வலப்பக்கம்

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தபோது, ஜொகூரின் பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் தெப்ராவிலும் உள்ள தொழிற்சாலைகளின் சம்பளப் பிரிவுகளுக்கு ஒரு புதிய எண் வந்து சேர்ந்தது. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அதுவரை ஒரு நாள் என்பது எட்டு மணி நேரம். 45-ஐ ஆறு நாளுக்குப் பங்கிட்டால் அது ஏழரை மணி நேரம். எட்டு என்ற எண்ணை எப்படி எழுதினாலும் எட்டுதான். ஏழரையோ கடிகார வழக்கில் 7.30 என்றும் கணக்கு வழக்கில் 7.50 என்றும் இரண்டு முகம் காட்டும் எண். அந்த இரண்டு முகத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே புள்ளி.

இந்தச் சிக்கல் மலேசியாவில் கூடுதல் கூர்மை பெறுவதற்கு எழுத்து மரபும் ஒரு காரணம். ஆங்கிலேயர் பலரும் மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே முக்காற்புள்ளி இடுகிறார்கள். மலாய் மொழியோ ‘பூக்குல் 7.30 பாகி’ என்று ஒற்றைப் புள்ளி இடுகிறது. மலேசியத் தமிழ் நாளிதழ்களும் ‘காலை மணி 7.30’ என்றே அச்சிட்டு வருகின்றன. அதே புள்ளி ரிங்கிட்டையும் சென் காசையும் பிரிக்கிறது, கிலோவையும் அதன் பின்னத்தையும் பிரிக்கிறது. வருகை ஏட்டில் கையால் எழுதப்பட்ட 2.45 என்பது இரண்டு மணி 45 நிமிடமா, இரண்டு மணியும் ஒரு மணியின் நூற்றில் 45 பங்குமா என்பதை அந்த எண்ணின் தோற்றம் சொல்லாது. முன்னது இரண்டே முக்கால் மணி. பின்னது இரண்டு மணி 27 நிமிடம்.

தசம நேரம் என்பது நிமிடத்தை மணியின் பின்னமாக எழுதும் முறை. நிமிடத்தின் எண்ணிக்கையை 60-ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும்: 15 நிமிடம் 0.25, 30 நிமிடம் 0.5, 45 நிமிடம் 0.75, 6 நிமிடம் 0.1. நூற்றில் ஒரு பங்கு மணி என்பது 36 விநாடி. பள்ளியில் நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்யக்கூடிய வகுத்தல்தான் இது. ஆனாலும் சம்பளக் கணக்கில் இதைத் தவிர்க்க வழியில்லை. சம்பளம் என்பது காலத்தையும் பணத்தையும் பெருக்கி வரும் தொகை. காலம் அறுபதின் மேல் நிற்கிறது, பணம் பத்தின் மேல் நிற்கிறது. இரண்டும் பெருக்கப்படுவதற்கு முன்னால் ஒன்று மற்றொன்றின் மொழிக்கு வந்தாக வேண்டும். வருவது எப்போதும் காலம்தான்.

இப்படி ஓர் அளவை முறையிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றுவது ஜொகூருக்கு வந்த தமிழருக்குப் புதிதன்று. அவர்கள் விட்டு வந்த ஊரில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. இந்தியா அதைக் கைவிட்டு நூறு நயா பைசாவுக்கு மாறியது 1957 ஏப்ரல் 1-இல்தான். மலாயாவில் அவர்கள் கைக்கு வந்த வெள்ளியோ தொடக்கத்திலிருந்தே நூறு காசாகப் பிரிக்கப்பட்டது. ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பதினாறின் கணக்கிலும் தோட்டத்துச் சம்பளத்தை நூறின் கணக்கிலும் மனத்துக்குள் வைத்திருந்த அந்தத் தலைமுறையின் எண்ணறிவைப் பற்றி வரலாற்று நூல்கள் போதிய அளவு எழுதவில்லை. எழுத்தறியாதவர் என்று குறிக்கப்பட்டவர்களில் பலர் இரண்டு எண் முறைகளில் ஒரே நேரத்தில் வாழ்ந்தவர்கள்.

அவர்களுடைய வேலைக் காலம் மட்டும் அப்போது மணியாகப் பிரிக்கப்படவில்லை. குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய் வட்டாரங்களின் இரப்பர் தோட்டங்களில் காலத்தின் அலகு நாள். விடியும் முன் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கப்படும். வந்தவரின் பெயர் தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோலில், அதாவது அன்றாட வருகையையும் வேலையையும் பதியும் தோட்டத்துப் பேரேட்டில், ஏறும். மரம் சீவும் வேலையின் நேரத்தை நிர்ணயித்தது கடிகாரத்தைவிட மரத்தின் உடல்தான். விடியற்காலைக் குளிர்ச்சியில் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏறினால் ஓட்டம் தளரும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ போடும் வழக்கம் இருந்தது. ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்பை ஒன்று, அரை என்று இரண்டே படியில் அளந்த அந்த முறையில் எவ்வளவு வியர்வை கணக்குக்கு வெளியே நின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், நிமிடத்தை மதிக்கும் முறைக்காக வாதாடுவதன் அவசியம் விளங்கும். நாள் என்ற அலகு மிகப் பெரியது. அரை மணி கூடுதலாக வேலை வாங்கினாலும் அது அந்த நாளுக்குள் கரைந்துவிடும். மணியாகவும் நிமிடமாகவும் காலத்தைப் பிரித்து எழுதும் ஏடு, கண்காணிப்பின் கருவியாக இருந்தபோதிலும், தொழிலாளி தன் உழைப்பை நிறுவிக் காட்டும் சான்றாகவும் ஆயிற்று.

இன்று அந்தத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழிற்சாலைகளிலும் துறைமுகக் கிடங்குகளிலும் காவல் பணியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் புள்ளி எவ்வளவு பொருட்படும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு, 1,700 ரிங்கிட். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து வருவதைச் சட்டம் வழக்கமான நாள் ஊதியம் என்கிறது: 65.38 ரிங்கிட். அதை ஒரு நாளின் வழக்கமான வேலை நேரத்தால் வகுத்தால் மணி ஊதியம்; ஏழரையால் வகுத்தால் 8.72. சாதாரண வேலை நாளில் செய்யும் மிகைநேர வேலைக்கு, பேச்சு வழக்கில் ஓ.டி.க்கு, அதன் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும்; அது 13.08. ஒருவர் ஒரு நாள் இரண்டு மணி 45 நிமிடம் ஓ.டி. செய்தால் 2.75-ஆல் பெருக்கி 35.96 ரிங்கிட் வர வேண்டும். எழுத்தர் மாற்றாமல் 2.45-ஆல் பெருக்கினால் 32.04 வரும். குறைவது மூன்று ரிங்கிட் 92 சென்; கடைத்தெருவில் ஒரு வேளைத் தேநீருக்கும் பலகாரத்துக்கும் போகும் தொகை என்று விட்டுவிடத் தோன்றும். அதே நேரம் மாதத்தில் 20 நாள் வேலை செய்தவருக்கு அது 78 ரிங்கிட் 46 சென். அவருடைய ஒரு முழு நாள் ஊதியத்தைவிட அதிகம். சட்டம் அனுமதிக்கும் மிகைநேர உச்சவரம்பு மாதத்துக்கு 104 மணி. இந்த எடுத்துக்காட்டு அதில் பாதியைச் சற்றே தாண்டிய 55 மணிதான்.

இந்தப் பிழையின் இயல்பைக் கவனிக்க வேண்டும். மணியும் நிமிடமுமாகத் தொகுத்த நேரத்தை மாற்றாமல் பெருக்கும்போது நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 100-ஆல் வகுத்ததாகிறது. ஆகவே எழுதப்பட்ட ஒவ்வொரு நிமிடத்திலும் நூற்றுக்கு நாற்பது பங்கு மறைந்துபோகிறது. இந்த வகைப் பிழை ஒருநாளும் தொழிலாளிக்குச் சாதகமாக விழாது. பிழை வேறொரு படியில் நுழைந்தால் திசை மாறலாம். காலை 7.45-க்கு வந்து மாலை 17.15-க்குப் போனவரின் நேரத்தைச் சாதாரண எண்கள்போலக் கழித்தால் 9.70 வரும், உண்மையில் அவர் இருந்தது ஒன்பதரை மணி, அதாவது 9.50. இங்கே நட்டம் முதலாளிக்கு. நட்டம் தன் பக்கம் வந்தால் முதலாளி தன் கணக்காளரை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். தொழிலாளியின் பக்கம் வந்தால் கண்டுபிடிக்க அவரிடம் சம்பளச் சீட்டும் ஒரு மாத ஞாபகமும் மட்டுமே இருக்கும். எனவே இரண்டு பிழையையும் ஒரே எடையில் வைப்பது நியாயமாகாது.

அறுபதைக் கணக்கின் அடிப்படையாக வைத்திருந்தவர்கள் பாபிலோனியர்கள். அந்த எண்ணுக்குப் பன்னிரண்டு வகுத்திகள்; இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஐந்தாகவும் ஆறாகவும் மீதியின்றிப் பிரியும். பத்துக்கு அந்த வளம் கிடையாது. மூன்றாகப் பிரித்தவுடன் அது முடிவில்லாத வரிசையாக நீள்கிறது. இருபது நிமிடம் என்பது கடிகாரத்தில் தெளிவான மூன்றிலொரு பங்கு. தசமத்தில் அது 0.3333 என்று ஓயாமல் போகும். ஒரு மணிக்குள் உள்ள அறுபது நிமிட நிலைகளில் மூன்றால் வகுபடும் இருபது மட்டுமே இரண்டு தசம இடத்துக்குள் துல்லியமாக அடங்கும். மற்ற நாற்பதும் ஏதோ ஒரு பக்கம் தள்ளி எழுதப்பட்டவை.

பழந்தமிழ்க் கணக்குக்கும் இதற்கும் உள்ள உறவு வியப்பூட்டுவது. அன்றாடம் புழங்கிய கீழ்வாய் இலக்கங்கள், அதாவது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்கள், இரண்டையும் ஐந்தையும் கொண்டே கட்டப்பட்டவை: கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான வீசம், இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி. தசமத்தில் இவை எல்லாமே முடிவுக்கு வரும் எண்கள். மா என்பது 0.05, காணி 0.0125. ஒரு மணியில் ஒரு மா என்பது மூன்று நிமிடம். ஆகவே தசமத்தில் துல்லியமாக எழுதக்கூடிய அந்த இருபது நிமிட நிலைகளும் ஒரு மா, இரு மா, மும்மா என்று தமிழ்ப் பின்னத்தில் சொல்லக்கூடியவையே. நாழிகையும் இதில் சேரும். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அது சரியாக 0.4 மணி. அறுபதைக் கொண்டு நாளைப் பிரித்த அதே மக்கள் நெல்லையும் நிலத்தையும் அளக்க இருபதையும் எண்பதையும் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையே கணக்கை மாற்றும் திறமையை வாய்பாடாக்கிப் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். தமிழ்ப்பள்ளிகளில் அந்த வாய்பாடு இன்று இல்லாதது இழப்புதான்.

மூன்றின் தொல்லை ஊர் நேரத்தையும் விட்டுவைக்கவில்லை. சிங்கப்பூரை உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களின் கடிகாரம் 1933 ஜனவரி 1 முதல் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி 20 நிமிடம் முன்னதாக ஓடியது. தசமத்தில் எழுத முனைந்தால் அது 7.3333 என்று நீளும். 1941 செப்டம்பர் 1-இல் அது ஏழரை ஆயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமான ஒன்பது. போருக்குப் பின் மீண்டும் ஏழரை. 1982 ஜனவரி 1 பிறந்தபோது தீபகற்ப மலேசியா அரை மணி முன்னே நகர்ந்து எட்டில் நிலைபெற்றது; ஜொகூரின் கடிகாரங்களில் 1981-இன் கடைசி அரை மணி நேரம் வரவே இல்லை.

காலத்தையே பத்தாகப் பிரித்துவிடும் முயற்சியும் உலகில் நடந்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793-இல் ஒரு நாளைப் பத்து மணியாகவும் ஒரு மணியை நூறு நிமிடமாகவும் ஆக்கினார்கள். அந்த மணி ஒவ்வொன்றும் நம் கணக்கில் 144 நிமிடம், அதாவது ஆறு நாழிகை. மக்கள் ஏற்காததால் 1795 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. சுவரிலுள்ள கடிகாரத்தைத் தொடாமல் சம்பள ஏட்டில் மட்டும் மணியை நூறாக்கும் இன்றைய வழக்கமோ உலகெங்கும் நிலைத்துவிட்டது. அமெரிக்கரான வில்லர்ட் பண்டி 1890-இல் காப்புரிமை பெற்ற வருகைப் பதிவுக் கடிகாரத்தின் வழிவந்த கருவிகளில், நிமிடத்துக்குப் பதிலாக மணியின் நூற்றில் பங்கை அச்சிடும் சக்கரம் பொருத்தியவையும் உண்டு. அப்படிப்பட்ட கருவி மாலை ஐந்தே முக்காலுக்கு அட்டையில் 17.75 என்று குத்தும். அறுபதுக்கு மேற்பட்ட அந்த எண்ணைக் கண்டவுடன் இது நிமிடம் இல்லை என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஐந்தேகாலுக்கு அது 17.25 என்று குத்தும்போதுதான் குழப்பம்.

கணினி வந்த பிறகு பிழை நீங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு, நடந்தது வேறு. எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள்கள் நேரத்தை மணியாக வைத்துக்கொள்வதில்லை, ஒரு நாளின் பின்னமாக வைத்துக்கொள்கின்றன. திரையில் 7:30 என்று தெரியும் கட்டத்துக்குள் இருப்பது 0.3125. அதை 24-ஆல் பெருக்கினால்தான் 7.5 கிடைக்கும், மறந்து நேரே மணி ஊதியத்தால் பெருக்கினால் சம்பளம் இருபத்துநான்கில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும் என்பதால் தீங்கு குறைவு. கண்ணில் படாதவை வேறு: மாத மிகைநேரத்தைக் கூட்டும்போது 24 மணியைத் தாண்டியதும் கட்டம் மீண்டும் பூச்சியத்திலிருந்து காட்டத் தொடங்குவது, இரவு பத்து மணிக்கு வேலைக்கு ஏறிக் காலை ஆறுக்கு இறங்கும் காவலாளியின் நேரத்தைக் கழித்தால் எதிர்மறை எண் வருவதால் எழுத்தர் கையால் ஓர் எண்ணை அடித்துவிடுவது. கையால் அடிக்கும் அந்த இடத்தில்தான் 45 நிமிடம் திரும்பவும் .45 ஆகிறது.

மாற்றத்தை எந்தப் படியில் செய்வது என்பதும் சிறிய விஷயமில்லை. தினமும் 20 நிமிடம் கூடுதல் வேலை செய்தவருக்கு நாள்தோறும் 0.33 என்று வெட்டி எழுதி 26 நாளைக் கூட்டினால் 8.58 மணி, நிமிடங்களை அப்படியே கூட்டி, 520-ஐக் கடைசியில் ஒரே முறை 60-ஆல் வகுத்தால் 8.67. வித்தியாசம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். இது சிறியது, 40 நிமிடமானால் 0.67 என்று மறுபக்கம் சாயும். கால் மணிக்குக் குறைந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை என்ற வழக்கம் உள்ள இடங்களில் நட்டம் வேறு அளவுடையது. நாளுக்குப் பதினான்கு நிமிடம் விழுந்துபோனால் 26 நாளில் ஆறு மணி நான்கு நிமிடம், மேலே சொன்ன ஊதியத்தில் 79 ரிங்கிட்டுக்கு மேல். முழுமையாக்கல் என்று அதற்குப் பெயரிட்டு எப்போதும் கீழ்நோக்கியே வெட்டுவதைக் கணக்கு வசதி என்று ஏற்றுக்கொள்ள முடியாது. அது ஊதியப் பறிப்பு. நிமிடங்களை நிமிடங்களாகவே கூட்டி, மாதக் கடைசியில் ஒரு முறை வகுப்பதைவிட எளிய வழியும் இல்லை, நேர்மையான வழியும் இல்லை.

ஜொகூர் பாருவின் பல வீடுகளில் இரண்டு வகைச் சம்பளச் சீட்டு ஒரே மேசையில் கிடக்கும். ஒருவர் தெப்ராவில் வேலை செய்வார், இன்னொருவர் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய்வருவார். இரு கரையிலும் கடிகாரம் ஒன்றே. வகுக்கும் எண் வேறு. சிங்கப்பூரில் வார வேலை நேர வரம்பு 44 மணி. மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52-ஐயும் 44-ஐயும் பெருக்கி வருவதால் வகுத்தால் மணி ஊதியம். அப்படிப் பார்த்தால் ஒரு மாதம் 190.67 மணி, அதுவும் வெட்டி எழுதிய எண். மலேசியக் கணக்கில் 26 நாளை ஏழரையால் பெருக்கினால் சரியாக 195. வாரம் 45 மணி என்பதை 52 வாரத்துக்குப் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தாலும் அதே 195 மீதியின்றி வரும். ஏழரையை 7.30 என்று வைத்து அதே பெருக்கலைச் செய்தால் 189.8 வரும், சட்டம் சொல்லும் எந்த எண்ணோடும் அது பொருந்தாது. சீட்டைச் சரிபார்க்க விரும்பும் தொழிலாளி மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க எண் இந்த 195.

வேலைவாய்ப்புச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, முதலாளி பேண வேண்டிய பதிவேடுகளில் ஒவ்வொரு பதிவும் எழுதப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குக் குறையாமல் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. 69-ஆம் பிரிவின்கீழ் ஊதியத் தகராறுகளைத் தொழிலாளர் இலாகா விசாரிக்க முடியும். அந்த விசாரணையில் தசமத்தில் மட்டும் எழுதப்பட்ட ஏட்டின் குறை வெளிப்படும்: 2.45 என்ற பதிவைக்கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது. வந்த நேரமும் போன நேரமும் மூல வடிவில் இருந்தால்தான் அது எந்த 2.45 என்று தெரியும். ஆகவே நிமிடமாகவும் தசமமாகவும் இரண்டு நிரல்களைச் சம்பளச் சீட்டில் அருகருகே அச்சிடக் கேட்பது நியாயமான கோரிக்கை; அதற்குச் செலவு ஒரு நிரல்தான்.

மூலநேரம் கிடைக்காத ஏட்டிலும் ஒரு தடயம் எஞ்சியிருக்கும். நிமிடம் 59-ஐத் தாண்டாது, தசமம் .99 வரை போகும். 36 நிமிடமோ அதற்கு மேற்பட்டதோ ஆன எந்த மிச்சமும் முறையாக மாற்றப்பட்டால் .60 அல்லது அதற்கு மேல்தான் விழும். நிமிடக் கணக்காகப் பதியும் ஓர் இடத்தில் பல பேரின் பல மாதப் பதிவுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு அந்தப் பகுதியில் இருப்பதே இயல்பு. அரை மணிக் கணக்காகப் பதியும் இடத்தில் .50 என்பது அடிக்கடி வர வேண்டும். மிகைநேர நிரலின் நீளம் முழுவதிலும் புள்ளிக்கு வலப்பக்கம் 59-ஐத் தாண்டிய எண் ஒன்றுகூட இல்லாமல், .15, .30, .45 என்றே திரும்பத் திரும்ப வருமானால், அங்கே நிமிடங்கள் மணியாக மாற்றப்படவே இல்லை என்று கொள்ளலாம். வருகை அட்டைகளும் ஆறு ஆண்டுக்குள் எடுத்து வைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொருவருக்கும் குறைந்த தொகையைச் சென் வரை கணக்கிட்டுக் கேட்கவும் முடியும்.